பதினான்காம் பக்கம்

ஹட்டன் அச்சகத்திலிருந்து போன்.
"பதினாலு வெறுமையா இருக்கு மிஸ்,
படம் அனுப்ப மறந்திட்டீங்களா?"
மறக்கவில்லை. அது பனி, என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் ஓடியது.

"பனியெண்டாலும் தாளுக்கு அதே காசுதான்."
நிஸ்தார் நானா தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"அஞ்சு வீதம் சாம்பலாவது போட்டு விடவா?"
சாம்பல் போட்டால் மழை, நானா.
மழைக்கு இருபத்தோராம் பக்கம் இருக்கிறது.

பிள்ளைகள் படம் வரையப் பழக ஒரு புத்தகம்.
முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு கம்பி.
நாயை வரைய முதலில் ஒரு றாத்தல் பாண் வரை,
பிறகு அதற்குத் தூக்கம் வரட்டும்.
பஸ்ஸை வரைய முதலில் வளைவை வரை;
பஸ் தானாக வரும், கொஞ்சம் பிந்தி.
வீட்டுக்கு முக்கோணம் வேண்டாம்.
நீளமாய் ஒரு தகரம், கீழே பன்னிரண்டு கதவு,
உன் காம்பராக் கதவுக்கு மட்டும் நிறம் தீட்டு.
(பக்கத்துக் காம்பரா கோபித்தால் அதற்கும்.)

இதெல்லாம் எளிது.
பனிதான் வரவில்லை.
வெள்ளைப் பெயின்ற் அடித்தேன்: செம்மறியாடு.
பஞ்சை நனைத்து ஒற்றினேன்: திரிந்த பால்.
சோக்கைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தேன்,
யாரோ கரும்பலகையை அரைகுறையாய் அழித்த மாதிரி.
ஆறு தாள் போயிற்று.
ஏழாவது, இன்னும் தொடாதது, மேசையில் கிடந்தது.
பொகவந்தலாவையில் காலை ஆறரைக்கு
ஜன்னலில் இருந்ததும் அதுதான்.

பதின்மூன்றில் மலை முழுசாய் நிற்கும்,
கவ்வாத்து வெட்டிய தேயிலையோடு.
தாளைத் திருப்பினால் இல்லை.
பதினைந்தின் ஓரத்தில் ஒரு குடை மட்டும் வெளியே வரும்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கட்டுக் கட்டாய் வந்திறங்கியது, ஆயிரத்து இருநூறு.
பதினான்கின் நடுவில், எறும்பளவு எழுத்தில்,
நானா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்:
"இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது."
இல்லாவிட்டால் வாங்கினவர்கள்
திருப்பிக் கொண்டு வருவார்களாம்.
என் பனிக்குள்
கச்சேரிக் கடிதம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

நோர்வூட்டுக்கு அப்பால், நாலாம் வகுப்பு.
நாற்பது பிள்ளைக்குப் பதினேழு கலர் பென்சில்.
பச்சை எல்லாம் கட்டை,
ரோஸ் மட்டும் கடையில் வாங்கின உயரத்தில்.
கபிஷாலினி விரல் வைத்து அந்த வரியை வாசித்தாள்.
"வேண்டுமென்றேன்னா என்னா மிஸ்?"
"தெரிஞ்சே செய்றது" என்றான்
பின் வாங்கு யுகேந்திரன்,
அதில் அனுபவம் உள்ளவன்.
"அப்ப பனி தெரிஞ்சேதான் செய்யுதா?"

நான் பதில் தேடுவதற்குள்
அவள் வேலையில் இறங்கிவிட்டாள்.
புள்ளி உள்ள எழுத்துக்குத் தலை இருக்கிறது;
தலை இருந்தால் கால் வேண்டும்.
எட்டுப் புள்ளி, எட்டுப் பேர்,
முதுகில் கூடை, இடுப்பில் படங்கு.
கடைசி முற்றுப்புள்ளிக்கு ஒரு வால் இழுத்தாள்,
அது நாய். பாண் எதுவும் தேவைப்படவில்லை.
மூன்றாம் சொல்லில் மட்டும் ஆளே கிடையாது.
'வெறுமையாக', அதில் ஒரு புள்ளியும் இல்லை.
மறந்துவிட்டாயா, என்று கேட்டேன்.
"இல்ல மிஸ். அந்த எடத்துல பனி கூட."

இரண்டாம் பதிப்புக்கு நானா மறுபடி கூப்பிட்டார்.
அந்த வரியை எடுக்கவா, வைக்கவா?
எடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்கள், என்றேன்,
கூடை வைக்க இடம் காணாது.