நாலாவது நிமிடம்

ஞாயிறு. பீல் நகரில் இன்று துளைபோட்டால்
கீழ்வீட்டு கெர்பர் அம்மா மேலே வந்துவிடுவார்.
குழாய் கழற்றச் சத்தம் வராது.
ஆளைக் கூப்பிட்டால் நூற்றெண்பது பிராங்க்.
சிங்குக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்,
கைபேசி உப்புப் போத்தலில் சாய்ந்து கிடக்கிறது.

அதில் யாரோ ஒரு போர்த்துக்கீசர்.
முகமில்லை. இரண்டு கைகள், நீலச் சட்டை.
இடப்பக்கம் திருகுகிறார். நானும்.
பின்னுக்கு இழுத்து, மறுபடி.
அவருக்குக் கழன்றது.
எனக்கு
நேற்றைய பருப்பு, நுரை, கறிவேப்பிலைக் காம்பு
எல்லாம் நெஞ்சில்.

ஈரத்தோடே திரும்பவும் பார்த்தேன்.
‘பால்த, பால்த’ என்று இரண்டுதரம் சொல்லியிருக்கிறார்.
கொழும்புச் சிங்களத்தில் வாளி ‘பால்தி’தானே,
மண்டையில் ஏறவில்லை.

நாலாவது நிமிடத்தில் ஒரு வெட்டு.
அதற்குப் பிறகு
சட்டை சாம்பல் நிறம்.

ஓ.
நீங்களுமா?