இடக்கைத் தழும்பு

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
மேசை போட்டிருந்தாள் அல்ஃபோன்சின்.
வெளியே மைனஸ் நாற்பத்தொன்று.
கதவு திறக்கும்போதெல்லாம்
வெள்ளை ஆவி முந்திக்கொண்டு உள்ளே வந்தது,
ஆள் பிறகுதான்.

மஸ்க்ராட் தொப்பிகள் நான்கு.
மார்ட்டன் ஒன்று, அதன் விலையைக் கேட்க
எனக்குத் துணிவில்லை.
பீவர் ரோமக் கையுறைகள்
உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தன,
கைமாற்றுக் கேட்பவைபோல.

தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால்
பதினொரு குளிர்காலம்
நைலானை நம்பி இருந்தவள் நான்.
போன திங்கட்கிழமை காலை
பூட்டோடு ஒட்டிக்கொண்டது சுட்டுவிரல்.
கொஞ்சம் தோலைக் கொடுத்துத்தான் மீட்டேன்.
அதனால் வந்தேன். பேரம் பேச அல்ல.

பேசினேன்தான்.

"முந்நூற்றைம்பதா?"
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கைகளைப் பார்த்தாள்.
"விரல் பத்து. ஒன்றுக்கு முப்பத்தைந்து.
கறுத்துப்போனால் ஆஸ்பத்திரிக்கு விமானம்,
அது தனிக் கணக்கு."

ஒரு ஜோடி மட்டும் ஓரமாய்க் கிடந்தது.
இடது கையுறையின் புறத்தில்
அடர்ந்த ரோமத்தைப் பிளந்துகொண்டு
சுண்டுவிரல் நீளத்துக்கு
ஒரு வழுக்கைக் கோடு.
"இன்னொரு பீவர் கடித்தது.
ஏரி யாருக்கு என்று சண்டை.
இருபது டாலர் குறைத்துக் கொடு."

பொறி வைத்தவன் அவள் புருஷன் மோதெஸ்த்.
பக்கத்தில் நின்றான்,
தலையில் ஹாக்கி அணியின் சின்னம் போட்ட
தொழிற்சாலைக் குல்லா.
உனக்கென்று ஒன்று இல்லையா என்றேன்.
"இருந்தது. செவ்வாய்க்கிழமை
என் தலையிலிருந்து கழற்றி விற்றுவிட்டாள்."
அவன் சிரித்தான்.
அவள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தொப்பியும் ஒன்று வாங்கினேன், மஸ்க்ராட்.
காதுமடல்களை இறக்கிக் கட்டியதும்
ஊர் சட்டென்று தூரமாகிவிட்டது.
என் ரத்தம் நடக்கும் சத்தம் கேட்டது.
வீட்டில் நாய் என் காலை முகர்ந்து வாலாட்டியது,
தலையைப் பார்த்து உறுமியது.
யாரிடம் விசுவாசம் காட்டுவதென்று
இரண்டு நாள் அதற்குத் தெரியவில்லை.

உள்ளங்கைப் பக்கம் மூஸ் தோல்,
அழுகிய மரத்துண்டின் புகையில்
நாள்கணக்காகத் தொங்கியது.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்
என் மடியிலிருந்து கிளம்பிய அந்த வாசனை
சாமியாரின் சாம்பிராணியைத் தோற்கடித்தது.
முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்,
பசித்தவர்கள்போல.

பிறகு புதன்கிழமை,
ஏரியின் நடுவில்
பனிவண்டி இருமி நின்றது.
கையுறைகளை உதறினேன்.
கழுத்தில் மாட்டிய பின்னல் கயிற்றில்
இரண்டும் என் இடுப்பருகே ஆடின,
காத்திருக்கும் பிள்ளைகள்போல.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துடைத்து, மாட்ட
நூறு எண்ணுவதற்குள் முடியவேண்டும்.
எழுபதில் விரல்கள் என்னுடையவையாக இல்லை.
தொண்ணூற்று நான்கில்
கைகளைத் திரும்ப உள்ளே திணித்தேன்.

எரிச்சல். பிறகு குத்தல். பிறகு
கை.

ரோமத்துக்குச் சொந்தச் சூடு கிடையாது.
அது என்னுடையதை வாங்கி
என்னிடமே திருப்பித் தருகிறது,
வட்டி கேட்காமல்.

எஞ்சின் பிடிக்கும்வரை
அங்கேயே நின்றேன்.
காலுக்குக் கீழே ஒரு மீட்டர் பனிக்கட்டி,
அதற்கும் கீழே கறுத்த தண்ணீர்.
கரையோரம் பனி மூடிய கிளைக்குவியலின் உச்சியில்
நூல்போல ஆவி எழுந்தது.
உள்ளே மூச்சு இருக்கிறது.
நான்கோ ஐந்தோ,
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.
கடித்தது அங்கே இருக்கலாம்.
ஏரியை வென்றது.
கடிபட்டது என் இடக்கையில்.

அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு
ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
மூக்கு ஒழுகியது.
எல்லோரும் செய்வதுபோல
கையுறையின் புறத்தால் துடைத்தேன்.
ரோமம், ரோமம்,
நடுவில் ஒரு கணம்
வழவழப்பாக, சில்லென்று,
அந்தக் கோடு.