இரண்டாம் கியரில் பத்து நிமிடம்

நாற்பத்தொரு லாரிகள்.
என்னுடையது பதினேழாவது.
முன்னால் நிற்கும் வண்டியின் பின்பலகையில்
யாரோ சுண்ணாம்பால் கிறுக்கிய மீனை
முப்பத்திரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அதற்குப் பெயரே வைத்துவிட்டேன்.

எதிரே வறண்ட ஆறு.
பாலம் இல்லை, இப்போதைக்குத் தேவையும் இல்லை.
கணுக்கால் மணல்,
இரண்டாம் கியரில் பத்து நிமிடம்.
இந்தக் கரை சாட், அந்தக் கரை சூடான்.
ஆடுகள் இரண்டிலும் மேய்கின்றன.

இரவில் அங்கே வானம்
யாரோ அடுப்பு ஊதுவதுபோல்
சிவந்து சிவந்து அணையும்.
விடிந்ததும் ஆட்கள் வருவார்கள்.
ஒருவர் கதவைத் தலையில் சுமந்து வந்தார்.
வீடு போயிற்று, இது மட்டும் கையோடு வந்தது என்றார்.
இதை எங்கே வைக்க என்று
என்னைக் கேட்டார்.
நான் டயரில் காற்று பார்த்தேன்.

சுங்கச் சாவடியில் நாசூர்.
கெட்டவன் இல்லை. தேநீர் தருவான்.
மேசையில் முத்திரை இருக்கிறது, மை இருக்கிறது,
அனுமதிதான் இல்லை.
அதைத் தரவேண்டியவர்களும்
அந்த அடுப்பை ஊதுகிறவர்களும்
ஒரே ஆட்கள்.
"இறையாண்மை" என்றான் நாசூர்,
சோற்றில் கல் கடித்தவன்போல.

அவனுடைய வானொலியில்
எங்கோ குளிரூட்டிய அறையில் கூடுகிறார்கள்.
முதல் வாரம் கவலை.
இரண்டாம் வாரம் ஆழ்ந்த கவலை.
நேற்று, மிக ஆழ்ந்த கவலை.
இவ்வளவு ஆழத்துக்குக் கிணறு தோண்டியிருந்தால்
இந்நேரம் தண்ணீராவது வந்திருக்கும்.

திங்களன்று கல்தூமா வந்தாள்,
அக்கரை மருத்துவச்சி.
கையில் மருந்து தீர்ந்த டப்பா,
அதில் கூழாங்கற்கள்.
ஒரு கல் ஒரு குழந்தை என்றாள்.
குலுக்கிக் காட்டவில்லை.
மேசைமேல் மெல்ல வைத்தாள், அவ்வளவுதான்.
"பக்கத்து வீட்டில் பிள்ளை அலறினால்
பட்டா யார் பேரில் என்றா கேட்பீர்கள்?"

நாசூர் மைப்புட்டியை மூடினான்.
திறந்தான். மூடினான்.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது, சொல்லவில்லை.
என் பத்து வயதில்
எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள்
போகும்போது கூரைத் தகரத்தைக் கழற்றிப் போனார்கள்.
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.
அதனால் தீயணைக்க வருகிறேன் என்பவனின்
கைகளைத்தான் முதலில் பார்ப்பேன்.
இன்று என் கைகளைப் பார்த்தேன்.
கிரீஸ். ஸ்டியரிங் காய்ப்பு.
பின்னால் இருநூறு மூட்டை சோளம்.

அன்றிரவு கிழக்கே இடித்தது.
குண்டு என்று படுத்தேயிருந்தேன்.
மழை.
காலையில் தார்ப்பாயைத் தூக்கினால்
அடிமூட்டையின் தையல் வழியே
வெள்ளை முளைகள்
விரல் நீட்டிக்கொண்டிருந்தன.
மேலே மலையில் பெய்துவிட்டது,
நாளையோ மறுநாளோ ஆறு வரும்.
அது யாரிடமும் அனுமதி கேட்காது.

மீனிடம் சொல்லிக்கொண்டு
வரிசையை விட்டு வண்டியை ஒடித்தேன்.

கரை இறங்கியதுமே
முன்சக்கரம் மணலில் புதைந்தது.
உறுமினேன், இன்னும் புதைந்தது.
நாசூர் வெளியே வந்தான்,
துப்பாக்கிக்காரன் தோளில் கைவைத்து நின்றான்.
பிடிக்கவா, தடுக்கவா தெரியவில்லை.

கதவுக்காரர் வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
முப்பது நாள் நிழலில் வைத்துக் காத்த கதவைச்
சக்கரத்துக்கு முன்னே படுக்கவைத்தார்,
தாழ்ப்பாள் கீழே இருக்குமாறு,
டயர் கிழியக் கூடாதென்று.

முதல் கியர்.
மரம் ஒரு முறை முனகியது.

பின்னால் நாற்பது லாரிகளும்
ஹாரன் அடித்தன.
திட்டுகிறார்களா,
கூட வருகிறார்களா,
கண்ணாடியில் புழுதிதான் தெரிந்தது.
இரண்டாம் கியருக்கு மாற்றினேன்.