பிரேக்

ஓல்ட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
வெள்ளிக்கிழமை மேசையில் முப்பத்தெட்டுப் புகார்கள்.
மேலே இருந்தது திருமதி எர்னா நீடர்ஹவுசரின் கடிதம்:

"நான் அழுத்தியது அரைக்கட்டணம்.
வந்தவை அரைக்கட்டணம், ஒரு பிள்ளை, ஒரு நாய், ஒரு சைக்கிள்.
எனக்குப் பிள்ளை இல்லை. நாயைக் கண்டால் ஆகாது.
சைக்கிளை விற்றுப் பத்து வருடம்.
இதையெல்லாம் உங்கள் இயந்திரத்துக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, அம்மணி.
நான் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டேன்.
சுவிட்சுக்குள் நுழைய வாசல்கள் பல.
நுழைந்தவருக்கு வெளியே போகவும் தோன்றும் என்பது
அந்த மொழியைக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.
அரைக்கட்டணத்துக்குக் கீழே பிள்ளை,
பிள்ளைக்குக் கீழே நாய்;
நடுவில் ஒரு தடுப்பும் இல்லை.
படியில் கொட்டிய பால் போல
நீங்கள் இறங்கிக்கொண்டே போயிருக்கிறீர்கள்.

ரிட்டர்ன் போடு, என்றான் ரேத்தோ.
ரிட்டர்ன் அறையை விட்டுப் போவதில்லை,
வீட்டையே விட்டுப் போய்விடும்;
காசுப் பெட்டியைப் பூட்டும் வரி
கீழே காத்துக்கொண்டே இருக்கும்.
கன்டினியூ? அது சுவிட்சை மதிப்பதே இல்லை,
வெளியே சுற்றும் வளையத்தின் ஆள்.
அப்படியென்றால் கோட்டூ, என்றேன் சும்மா.
ரேத்தோ காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

பிரேக்கேதான். ஒரு சொல், ஓர் அரைப்புள்ளி.
தமிழில் எழுதினால்
உடைப்பதும் பிரேக், நிறுத்துவதும் பிரேக்.
எது வந்தாலும் சரி என்று
நான்கு இடத்தில் தட்டிவிட்டு எழுந்தேன்.

இரவு ரயிலில் கண் அயர்ந்துவிட்டது.
ஆர்பூர்க் போனது, ரோத்ரிஸ்ட் போனது,
என் முர்கென்டாலும் போனது,
என் வீட்டு விளக்கைக்கூட நான் பார்க்கவில்லை.
லாங்கென்டாலில் ஓட்டுநர் தோளைத் தட்டினார்:
இதுதான் கடைசி.
கடைசி வாசலுக்கு பிரேக் எழுதத் தேவையில்லை;
அங்கே எல்லாம் தானாக நின்றுவிடும்.

நடைமேடையில் நம்முடைய இயந்திரம்,
நீல வெளிச்சத்தில், பழைய நிரலோடு.
திருத்தம் திங்கட்கிழமைதான் வந்து சேரும்.
தெரிந்தும் அரைக்கட்டணத்தை அழுத்தினேன்.

திரும்பிப் போகும் ரயிலுக்கு
இன்னும் நாற்பது நிமிடம்.
குளிர்ந்த பெஞ்சில்
நான், ஒரு பிள்ளை, ஒரு நாய், ஒரு சைக்கிள்.