புள்ளி விட்டுப்போன சொல்

மினா அப்துல்லாவில் பகலில் எனக்கு
வரைபடங்களுக்கு முத்திரை குத்தும் வேலை.
திருத்தம் மூன்று வந்ததும் திருத்தம் இரண்டு செல்லாது.
இரவில் ஃபஹாஹீல் அறையில், மேல்கட்டிலில்,
இணையக் கலைக்களஞ்சியத்தில்
மனிதர்களுக்கு அதே வேலை.

எழுநூற்றுச் சொச்சம் வாழ்க்கை வரலாறுகளை
நீக்கச் சொல்லி வாக்களித்திருக்கிறேன்.
வருத்தமில்லை.
நகைக்கடைக்காரர் ஒருவருக்கு நான்கு நாளிதழ்ச் சான்றுகள்:
நான்கிலும் ஒரே புகைப்படம், ஒரே எழுத்துப்பிழை,
நான்கும் அவர் காசு. தூக்கினேன்.
ஒரு நர்ஸ், உயிரோடிருப்பவள், பெயர் சொல்லமாட்டேன்,
அவள்மேல் யாரோ எழுதிவைத்த ஒற்றை வரி.
சான்று கேட்டுக் காத்திருக்கவில்லை,
இரண்டு நிமிடத்தில் அழித்தேன்.
அன்றைக்குத் தெரிந்தது,
விதி உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள்.

போன ரமலானில் நானே ஒரு பக்கம் தொடங்கினேன்.
இன்னாசிமுத்து. பைப் ஃபிட்டர். சொந்த ஊர் உவரி.
நாற்பத்தெட்டுப் பக்கத்தில் கையால் எழுதிய புத்தகம்:
வேலைக்கு வேண்டிய அரபி.
முதல் வாக்கியத்தில் வணக்கம் கிடையாது.
ராத்திப் மா வஸல், சம்பளம் வரவில்லை.
பன்னிரண்டாம் பக்கத்தில், நான் திருடவில்லை.
முப்பத்தொன்றில், என் விரல் மிஷினில் மாட்டிக்கொண்டது.
ஷுவைபாவிலிருந்து ஜஹ்ரா வரை கேம்ப் கேம்பாக
ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.
பதிப்பகம் இல்லை, ஆண்டு இல்லை,
அட்டையில் அவர் பெயரே என் பிரதிக்கு வரும்போது
னாசி என்று மட்டும் மிஞ்சியிருந்தது.

பேச்சுப் பக்கத்துக்கு வந்தவர் கனிவாகத்தான் கேட்டார்,
பயனர் பெயர் கொக்கராயன்பேட்டை:
சார்பற்ற இரண்டாம்நிலைச் சான்று ஏதும் உண்டா?
விமர்சனம், செய்தி, ஆய்வு?
பலருக்குத் தெரியும் என்பது சான்றாகாது.
என் சொற்கள். வார்த்தை மாறாமல்
நான் மற்றவர்களுக்கு எழுதியவை.

தேடினேன்.
சிவில் ஐடி கூடாது, அது முதல்நிலை.
அறைத்தோழர் சந்தியாகு சொன்னது கூடாது, அது ஞாபகம்.
பிறந்த ஆண்டு பாஸ்போர்ட்டில் ஒன்று,
ஞானஸ்நானப் பதிவில் ஒன்று.
கம்பெனி மூடியதும் எக்ஸிட் அடித்துப் போனவர்
போய்ச் சேர்ந்த இடம் யாருக்கும் தெரியவில்லை.
இறந்ததற்குச் சான்று கிடைக்கும்வரை
ஒருவர் உயிரோடிருப்பதாகவே கொள்ள வேண்டும்
என்றொரு விதி.
அதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

அந்த வாரம்தான் பார்மஸியில் ஹாலா, சூடான்காரி, கேட்டாள்:
உங்கள் ஆட்கள் எல்லோரும் தலைவலியை
ஏன் ஒரே மாதிரித் தப்பாகச் சொல்கிறீர்கள்?
பிரதியைப் பிரதியோடு வைத்துப் பார்த்தேன்.
இன்னாசிமுத்து சரியாகத்தான் எழுதியிருக்கிறார்,
ராஸி யவ்வர்னி.
மிஷின்தான் புள்ளிகளைத் தின்றிருக்கிறது,
ஓலை கிழியுமென்று புள்ளி வைக்காமல் விட்டவர்கள் மாதிரி.
ராஸி யவவரனி.
கொத்தனார், தண்ணீர் லாரி டிரைவர், கோழிக்கடைப் பையன்,
எத்தனை வாயில் புள்ளியில்லாமல் ஒரே வலி.

ஒரு பிழை இவ்வளவு தூரம் நடந்திருந்தால்
அதற்கு முன்னால் ஒரு ஆள் நடந்திருக்க வேண்டும்.
அப்படியே எழுதினேன்.
சொந்த ஆய்வு, என்றார் கொக்கராயன்பேட்டை.
சரிதான். அவரிடத்தில் நானிருந்தால்
இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன்.

ஏழாம் நாள்:
நீக்கவும்.
நீக்கவும்.
நீக்கவும்.
மூன்றாவது என்னுடையது.

மறுநாள் எனக்கே தலை வெடித்தது.
சரியான சொல்லை வாய் தேடிப் பிடிப்பதற்குள்
தப்பான சொல் வந்துவிட்டது.
ஹாலா சிரிக்கவில்லை.
கவுண்டரின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டிய துண்டுச்சீட்டு,
புதிதாகச் சேர்ந்த எகிப்துப் பையனுக்காக
அரபியில் அவள் கையெழுத்து.
என்னவென்று கேட்டேன், படித்துக் காட்டினாள்:
யவவரனி என்று வந்து நின்றால்
தலைவலி மாத்திரை கொடு, திரும்பக் கேட்காதே.

சார்பற்றவள்.
அவரைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது.

இதில் தேதி போடுங்களேன், என்றேன்.
எதற்கு, என்றாள்,
பேனாவை எடுத்த பிறகு.