பதினேழு

பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
மந்திரி வீட்டு நெல்லானாலும் வாங்கமாட்டேன்.
நீடாமங்கலம் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறவள் நான்.
நனைந்த மூட்டை எத்தனையாம் நாள் கறுக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தையில் கணுக்காலில் வைக்கோல் குத்தியது.
மாசியில் ஒரு பட்டாணி.
பங்குனி முடிவதற்குள் புளியங்கொட்டை.
வலியில்லை.
சேலையை இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டினேன்.

உள்ளே இருக்கிற கிட்னி நாத்தனாருடையது.
தையல்நாயகி. பதினோரு வருஷம் என்னோடு பேசாதவள்.
ஒரு தென்னங்கன்று
வரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா
என்றுதான் தொடங்கியது.
எதற்காகத் தருகிறீர்கள் என்று
அனுமதிக் குழு கேட்டபோது சொன்னாளாம்:
"இவ போயிட்டா என் தம்பிக்கு யாரு சோறு பொங்குவா?"
அன்பின் பேரில் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவளுடையதோடு என் உடம்பு சண்டைக்குப் போகாதிருக்க
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை.
காவல்காரனைத் தூங்கவைத்தால்
விருந்தாளி மட்டுமா வருவான்?

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கீறி எடுத்து
மூன்று வாரம் வளர்த்துப் பார்த்தார்கள்.
கண்ணாடித் தட்டில் கறுப்பாய், வெல்வெட் மாதிரி,
எனக்குத் தெரிந்த முகம்.
"மண்ணுல இருக்கறதுதாம்மா, வைக்கோல்ல இருக்கறதுதான்.
மத்தவங்கள ஒண்ணும் பண்ணாது."
என் கையெழுத்தில்லாமல்
என் கிட்டங்கிக்குள் இறங்கிய ஒரே மூட்டை.

பூஞ்சைக்குத் தரும் மருந்து
பழைய மாத்திரையின் வீரியத்தை ஏற்றிவிடுமாம்.
அதனால் அதைப் பாதிக்கும் கீழே குறைத்து
வாரா வாரம் ரத்தத்தில் அளவு பார்த்தார்கள்.
ஏறினால் அவள் கொடுத்தது கெடும்.
இறங்கினால் என் உடம்பே அவளை விரட்டும்.
ஈரமானியின் முள்ளைப் பார்த்தே நரைத்தவள்
இப்போது எண் வரும்வரை
வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்,
லாரியோடு காத்துக்கிடக்கும் விவசாயி போல.

ஆனியில் ஒருநாள் தையல்நாயகி போன் செய்தாள்.
எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.
"செருப்பில்லாம களத்துல எறங்காத."
கொஞ்சம் பொறுத்து,
"என் பொருள் உள்ள கெடக்கு."

"கெடக்கு" என்றேன்.
வேறென்ன சொல்ல.
இரண்டு பேரும் உடனே வைக்கவில்லை.

வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது.
ஊரே இறங்கிக் காலை நனைக்கிறது.
படித்துறையில், மேல் படியில்,
கட்டுப்போட்ட காலும் செருப்புமாய் நிற்கிறேன்.
ஒரு பொடியன் மேலே தண்ணீரை இறைத்துவிட்டு ஓடுகிறான்.
குனிந்து
முந்தானையால் துடைக்கிறேன்,
விரலிடுக்கு விரலிடுக்காக.