பின் இருக்கையின் நீளம்

தானமாக வந்த மாடில்லை இது,
பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
முப்பத்தெட்டாயிரம் டாலர்.
கேலன் ஸ்டட்ஸ்மன் சாவிகளைக் காபிக் குவளையில் போட்டுக் குலுக்கியபடி
கோஷனின் பனிச்சேற்றில் எனக்கு முன்னால் நடக்கிறான்.

முதலாவது, மின்சாரக் கம்பெனியின் வெள்ளை லாரி.
ஏணி இருந்த இடத்தில் ஏணியின் துரு.
எட்டு வருடம் கம்பத்தடியில் நின்றே உறுமியிருக்கிறது;
மீட்டரில் தூரம் குறைவு, என்ஜினுக்கு வயது அதிகம்.
"அதிகம் ஓடாத வண்டி, வெர்லா" என்கிறான், பெருமையாக.
அதுதான் எனக்குப் பயம்.

இரண்டாவது ஆம்புலன்ஸாக இருந்தது.
பெட்டியைக் கழற்றி, கொக்கி பொருத்தி,
சிவப்புக் கோட்டின் மேல் சாம்பல் நிறம் பூசியிருக்கிறார்கள்.
வெயில் சாய்ந்து விழுந்தால் கோடு தெரிகிறது.
ஓட்டிப் பார்த்தேன். நல்ல இழுவை.
ஆனால் பழைய புத்தி போகவில்லை,
மிதிப்பதற்குள் பாய்கிறது.
என் பிழைப்புக்கு அவசரம் ஆகாது.

தொழிற்சாலை வாசலில் புதுக் கேம்பர் ஒன்றைப் பூட்டிக்கொண்டு
மொன்டானாவிலோ ஒரிகனிலோ
யாரோ ஒரு வியாபாரியின் சரளை முற்றத்தில் அவிழ்த்துவிட்டு
வெறும் கொக்கியோடு திரும்பி வருவது, இதுதான் பிழைப்பு.
மைலுக்கு இவ்வளவு என்று கூலி.
திரும்பி வரும் மைலுக்குக் கிடையாது.

போன நவம்பரில், வயோமிங்கில்,
முப்பத்தாறு அடி வீடு ஒன்று பின்னால் வர,
மலையிறக்கத்தில் காற்று விலாவில் கைவைத்தது.
என் பழைய பிக்கப்பில் நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க
பின்னால் வந்ததுதான் முன்னால் இருந்ததை ஓட்டியது.
இரண்டு மைல்.
யாரையும் நினைக்கவில்லை நான், கடவுளையும்.
கருகும் வாடை மட்டும் தெரிந்தது.
அடிவாரத்தில் கியர்பெட்டி தன் எண்ணெயைத் தானே கக்கிவிட்டு
உட்கார்ந்துகொண்டது.

இழுக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
கேலனும் அதற்கே பதில் வைத்திருக்கிறான்:
இத்தனை குதிரைசக்தி, இத்தனை ஆயிரம் பவுண்டு.
நான் சக்கரத்துக்குப் பின்னால் குந்தி
டார்ச் அடிக்கிறேன்.

மூன்றாவது, பச்சை.
பின்னால் இரட்டைச் சக்கரம், நாலு கதவு.
கென்டக்கியில் பந்தயக் குதிரைகளை ஏற்றிப் போனதாம்.
பிரேக் கட்டைகள் தேயாமல் கனமாக இருக்கின்றன.
குதிரையைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு ஓட்டியவன்
திடீரென்று மிதித்திருக்க மாட்டான்.
பார்க்காத அந்த ஆளின் காலை எனக்குப் பிடித்துவிட்டது.

பின் கதவைத் திறந்து, இருக்கையில் ஏறி,
பூட்ஸோடு நீட்டிப் படுத்தேன்.
"என்ன செய்கிறாய்?"
"அளக்கிறேன்."

ஒன்பது வருடத்தில் நானூற்றுச் சொச்சம் வீடுகளை இழுத்திருக்கிறேன்.
எல்லாவற்றிலும் மெத்தை உண்டு, உறை பிரிக்காதது.
அடுப்பு, குட்டிக் குளியலறை,
சுவரில் மாட்டவென்று மான்படம் கூட.
ஒன்றிலும் படுத்ததில்லை.
ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பத்தி:
ஓட்டுநர் உள்ளே கால் வைக்கக் கூடாது.
நெப்ராஸ்காவில், பூஜ்யத்துக்குக் கீழே இருபதில்,
ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே மடங்கிக் கிடந்து
பக்கக் கண்ணாடியில் பார்ப்பேன்.
ஆறு பேர் தூங்கக்கூடிய வீடு
விளக்கில்லாமல் என் பின்னால் நிற்கும்.

இங்கே வைக்கோல் வாடை.
கூரைத் துணியில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஒரு பொட்டு.
தலை ஒரு கதவில் இடிக்கிறது,
குதிகால் இன்னொன்றில்.
முழங்கால் லேசாகத் தூக்கி நிற்கிறது.

"நான் ஐந்தடி நாலு அங்குலம், கேலன்.
இது ஐந்தடி மூன்று.
அந்த ஓரங்குலத்துக்கு
விலையில் எவ்வளவு குறைப்பாய்?"

குவளையில் சாவிச் சத்தம் நின்றது.
நான் எழுந்திருக்கவில்லை.